சமாளி

முப்பத்தொன்று. பொன்னுரங்கம் சென்சார் வயரைப் பிடுங்கினான். மோட்டார் நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது, பக்கத்துக் கறுப்புத் திரையில் அந்த ஒற்றை வரி வந்து உட்கார்ந்தது: சென்சார் பதில் சொல்லவில்லை, மோட்டாரை நிறுத்திவிட்டேன், காத்திருக்கிறேன். திரையில் இருந்ததென்னவோ இங்கிலீஷ்தான். அவன் காதில் மட்டும் அது இந்த நிரலை எழுதிய ஷாஜிதாவின் குரலில், டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்துகொண்டே அவள் பேசுகிற அலட்டலில்லாத உக்கடத்துத் தமிழில் கேட்டது. வயரைத் திரும்பச் செருகினான். ஐந்து எண்ணுவதற்குள் அடுத்த வரி: சென்சார் வந்துவிட்டது, தொடரச் சொன்னால் தொடர்கிறேன். பச்சைப் பொத்தானை அமுக்கினான், சிரிஞ்சுக்குள் இருந்த தண்ணீர் குழாய் வழியாகப் பீக்கரில் சொட்ட ஆரம்பித்தது, தாளில் ஒரு டிக் போட்டான். இருநூறில் முப்பத்தொன்று போயிற்று. இன்னும் நூற்று அறுபத்தொன்பது தடவை இந்தப் பெண்ணின் நல்ல குணத்தை இவன் தன் கையாலேயே நிரூபித்துக் கொடுக்க வேண்டும். இதற்கு ஆபீசில் மாமியார் டெஸ்ட் என்று பேர். பேரும் விதியும் மேனேஜர் ரங்கநாயகி மேடம் வைத்தது. எழுதியவர் கையில் கொடுத்தால் தடவிக் கொடுப்பார், சம்பந்தமில்லாதவர் கையில் கொடுத்தால் கடமைக்குச் செய்வார், குற்றம் கண்டுபிடித்தே தீருவேன் என்று வருகிறவர் கையில்தான் புதுசைக் கொடுக்க வேண்டும் என்பது மேடத்தின் கட்சி. நடுவில் ஒரு தடவை சொல்லாமல் விழுந்தாலும் இருநூறையும் முடித்துத்தான் எழுந்திருக்க வேண்டும். போன திங்கட்கிழமை மீட்டிங்கில் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, “இது விழுந்தா யாருக்கு மனசு குளிருமோ அவங்க வந்து பிடுங்கட்டும்” என்றார். பதினோரு பேர் இருந்தார்கள். ஒருத்தர்கூட யோசிக்கவில்லை, பத்துத் தலையும் பொன்னுரங்கம் பக்கம் திரும்பியது. அவனும் திரும்பிப் பார்த்தான், பின்னால் சுவர்தான் இருந்தது.

முப்பத்திரண்டு. இழுத்தான், நின்றது, காத்திருந்தது. குறிச்சி தொழிற்பேட்டைக்கே உரிய இரும்புத்தூள் வாசனை ஜன்னல் வழியாக வந்தது, பக்கத்துப் பட்டறையில் யாரோ எதையோ அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்குமே அந்த சிரிஞ்சு பம்ப்தான் இவன் முன்னால் இருந்தது. மருந்தை மணிக்கு இத்தனை மில்லி என்று தள்ளிக்கொண்டே இருக்கும். குழாய் எங்காவது மடங்கி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், அதைச் சென்சார் பார்க்கும், சென்சார் சொல்வதைக் கேட்டு மேலே இருப்பவர்களுக்குச் சொல்வது டிரைவர் என்கிற சின்ன நிரல். நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை, கல்யாணத் தரகர் வேலை என்று பொன்னுரங்கம் புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்வான். அந்த வேலையைப் பதினோரு வருஷமாகப் பார்த்தது அவன் எழுதிய டிரைவர். விழுந்ததே கிடையாது. ஆயிரத்து நானூறு பம்ப் எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ ஓடுகிறது, ஒன்றுகூட உறைந்து நின்றது கிடையாது. இதை அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான் என்று அவன் மனைவி விசாலாட்சியைக் கேட்டால் தெரியும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறான், அவர் பாவம் ரசத்துக்குக் கை காட்டிக்கொண்டே தலையாட்டினார். ஷாஜிதாவின் டிரைவரோ இழுத்த இழுப்புக்கெல்லாம் சொல்லிவிட்டு விழுகிறது. முந்தாநாள் மேடம் அதைப் பெரிய திரையில் போட்டு, “விழுந்தா இப்படி விழணும்” என்று எல்லாருக்கும் காட்டினார். விழாததைப் பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூடப் பெரிய திரையில் போட்டதில்லை. விழாமல் இருப்பதை எப்படிக் காட்டுவது, காட்ட என்ன இருக்கிறது, அதுதான் அநியாயம். முப்பத்து மூன்று.

பொறாமைதான். வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது, மேடமே மீட்டிங்கில் வைத்துவிட்டார். ஆனால் அவள் கெட்டிக்காரத்தனத்தின் மேல் பொறாமை என்று ஆபீசில் நினைக்கிறார்களே, அதைக் கேட்டால் இவனுக்குச் சிரிப்பு வரும். கெட்டிக்காரர்களை இவன் நிறையப் பார்த்தாயிற்று, அவர்கள் எல்லாம் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். இவனை அரிப்பது வேறு. பிப்ரவரியில் மூன்று டாக்டர்கள் வந்திருந்தபோது அவள் செய்த பம்ப் திரையில் எண்களைத் தலைகீழாகக் காட்டியது. இவனுக்கு உள்ளங்கை வேர்த்தது, சந்தோஷத்தில்தான். இப்போது என்ன சொல்வாள் பார்க்கலாம், வோல்டேஜ் சரியில்லை என்பாளா, காலையில் நன்றாக இருந்தது என்பாளா, இவன் மனசுக்குள் அவளுக்காக ஏழெட்டுச் சாக்குகளை வரிசையாக எடுத்து வைத்தான், எல்லாம் இவன் கையிருப்பு. அவள், “அது நான் பண்ணின தப்புங்க. ஒரு நிமிஷம் குடுங்க, மாத்தீர்றேன்” என்றாள். வெளியே மழை வருகிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். மாற்றினாள். டாக்டர்களில் வயசானவர் போகும்போது அவளிடம் மட்டும் விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போனார். நான் பண்ணின தப்பு. நாலு வார்த்தைகூட இல்லை. பொன்னுரங்கம் அன்று இரவு பல் தேய்க்கும்போது கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தான், நான் பண்ணின என்பது வரைக்கும் வந்தது, அப்புறம் நுரையைத் துப்ப வேண்டியிருந்தது. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. மெதுவாகப் பிடுங்கிப் பார்த்தான், வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தான், விரலை நனைத்துக்கொண்டு பிடுங்கிப் பார்த்தான், பம்ப்பை ஆன் செய்கிற அதே நொடியில் பிடுங்கிப் பார்த்தான். கறுப்புத் திரை ஒவ்வொரு தடவையும் அதே மரியாதையோடு, காத்திருக்கிறேன் என்றது.

அவள் எழுதியதை ஒழுங்காகப் படித்திருந்தால் எங்கே இழுத்தால் விழும் என்று தெரிந்திருக்கும். படிக்கவில்லை. இதுவும் வெளியே சொல்ல முடியாத சங்கதி. சரிபார்த்துச் சொல்லுங்கள் அண்ணா என்று போன மாதம் அவள் அனுப்பியபோது இரண்டு பக்கம் படித்தான். முதல் பக்கத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை, இரண்டாவது பக்கத்தில் அந்தப் படிக்கட்டு வந்தது. டிரைவர் எழும்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் நினைவகம், ஒரு கடிகாரத் துடிப்பு, சென்சாரிடம் பேசுகிற பாதை, மோட்டாரின் பிடி. நடுவில் ஏதாவது ஒன்று கிடைக்கவில்லை என்றால் அதுவரைக்கும் எடுத்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும், அதுவும் கடைசியாக எடுத்ததை முதலில். ஷாஜிதா அதைப் படிக்கட்டு மாதிரி எழுதியிருந்தாள், எந்தப் படியில் தடுக்கினாலும் அங்கிருந்து கீழே ஒவ்வொரு படியாக இறங்கி வாசலுக்கு வந்துவிடலாம். ஊருக்குக் கிளம்புகிற வீட்டுக்காரி கேஸை மூடி, தண்ணீரை மூடி, மெயினை இறக்கி, கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தரம் இழுத்தும் பார்த்துவிட்டு நடக்கிற மாதிரி இருந்தது. பொன்னுரங்கத்துக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. இவனுடையதில் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு மாதிரி திருப்பிக் கொடுத்திருப்பான், ஒரு மூலையில் கொடுக்க மறந்தே போயிருப்பான், விழாத வீட்டுக்கு எதற்குப் பூட்டு என்று இருந்துவிட்டான். மூன்றாவது பக்கத்தைத் திறக்கவில்லை. பார்த்தேன், சரி என்று கீழே எழுதி அனுப்பினான். நன்றாக இருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை, சரி என்றான். அவள் ஒரு கைகூப்பும் படம் அனுப்பினாள்.

தொண்ணூற்றாறில் அவளே வந்தாள். கையில் இரண்டு பேப்பர் கப்பில் டீ. ஒன்றை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் அவன் விரல்களைப் பார்த்தாள். “கை வலிக்குதுங்ளாண்ணா? அந்தக் கனெக்டர் ஓரம் கீறுமுங்ணா. லேப்ல க்ளவுஸ் இருக்குது, எடுத்துட்டு வர்றேன்” என்றாள். வேண்டாம் என்றான். “வலிக்கலீங்ளா?” “நல்லாருக்கும்மா.” “எங்கயாச்சும் சொல்லாம விழுந்துச்சுங்ளா?” “இன்னும் இல்ல.” அவன் அந்த இன்னும் என்கிற வார்த்தையைக் கொஞ்சம் அழுத்திவிட்டானோ என்று அவளைப் பார்த்தான். அவள் கவனித்ததாகத் தெரியவில்லை, அல்லது கவனித்துவிட்டு விட்டுவிட்டாளா, அப்படியென்றால் அது இன்னும் மோசம். “விழுந்தா சொல்லுங்ணா, இங்க விழுந்தாப் பரவால்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். விரலில் ரத்தம் கோடாகத் தெரிந்தது. டீ நன்றாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை. டிரைவர் எழுதுகிறவர்கள் உலகத்தில் பூஜ்யம் என்றால் நலம். கோளாறு என்றால் ஒரு மைனஸ் எண்ணை மேலே அனுப்ப வேண்டும், ஒவ்வொரு கோளாறுக்கும் ஒவ்வொரு எண், எல்லாம் சுகமே என்றால் வெறும் பூஜ்யம். விசாலாட்சி ஒருநாள் சாம்பாரைக் கிளறிக்கொண்டே, “உங்ககிட்ட என்ன கேட்டாலும் நல்லாருக்கேன்னுதான் வருது. உங்கப்பா செத்த அன்னைக்கும் அதான் சொன்னீங்க” என்றாள். அவளுக்கு நிரல் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த மனுஷன் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் அனுப்புகிறான் என்று அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள்.

நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று. அப்பாவை யார் இப்போது கூப்பிட்டது. அப்பா போத்தனூரில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், ரயில்வே குவார்ட்டர்ஸ், சுவரில் சாவி கொடுக்கிற கடிகாரம். பத்து வயசுப் பொன்னுரங்கம் ஸ்டூல் போட்டு ஏறிச் சாவியை இறுக்கினான், இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று, உள்ளே ஏதோ டக் என்றது, பெண்டுலம் நின்றது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு அறை விழுந்திருக்கும், கன்னம் ஒரு மணி நேரத்தில் ஆறியிருக்கும். சொல்லவில்லை. எந்த வண்டி எத்தனை மணிக்குப் போகிறது என்று அவனுக்கு அத்துப்படி, பள்ளிக்கூடமும் லீவு, ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் ஸ்டூலில் ஏறி முள்ளைக் கையால் நகர்த்தி வைத்தான். நாலு நாள். வீட்டில் இருப்பவர்கள் யார் அண்ணாந்து பார்த்தாலும் கடிகாரம் ஏறத்தாழச் சரியான மணி காட்டியது. நாலாம் நாள் விளையாடிவிட்டு வர நேரமாகிவிட்டது, அப்பா தூங்கி எழுந்து பார்த்திருக்கிறார், முள் இரண்டரையில் இருந்தது, இன்னும் நேரமிருக்கிறது என்று திரும்பப் படுத்துவிட்டார், டூட்டிக்கு நாற்பது நிமிஷம் லேட், மெமோ கொடுத்துவிட்டார்கள். அப்பா கடிகாரத்தைத் திட்டிக்கொண்டே பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார். கடைசிவரை யாருக்கும் தெரியாது. நின்ற கடிகாரம் நின்றுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அப்பா ஸ்டேஷன் மணியைக் கேட்டுப் போயிருப்பார். நூற்று இருபத்தைந்து. இதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும், கை பாட்டுக்குப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது, தாளில் டிக் பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கிறது.

நூற்று நாற்பத்து மூன்றாவது தடவை அவன் வயரைப் பிடுங்கவில்லை. சாய்த்தான். ஏன் சாய்த்தான் என்று பிற்பாடு கேட்டால் விரல் காந்தியது என்று சொல்லலாம், உண்மையில் விரலுக்கு அவனைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது என்றுதான் தோன்றுகிறது. கனெக்டரின் ஒரு மூலை மட்டும் எழும்பியது, மற்ற மூலை ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. கறுப்புத் திரையில் வரி வரவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, பம்ப்பின் முகத்தில் அழுத்தம் முப்பத்தெட்டு என்று இருந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. அந்த எண் சாதாரணமாக முப்பத்தேழு, முப்பத்தொன்பது என்று கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும், இப்போது ஆணி அடித்த மாதிரி நின்றது. பொன்னுரங்கம் குழாயை இரண்டு விரலால் மடக்கிப் பிடித்தான். பீக்கரில் சொட்டுவது நின்றது. மோட்டார் தள்ளியது, குழாய் விரலுக்குள் விறைத்தது, முப்பத்தெட்டு. ஒரு நிமிஷம் பிடித்தான், அலாரம் இல்லை, முப்பத்தெட்டு. விழுந்துவிட்டாள். அய்யோ விழுந்துவிட்டாள், அதுவும் எப்படி, படிக்கட்டும் இல்லாமல் பூட்டும் இல்லாமல், பல்லை இளித்துக்கொண்டு நலம் நலம் என்று பொய் சொல்லிக்கொண்டு விழுந்திருக்கிறாள். அவனுக்கு ஓடிப்போய் மேடத்தின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்க வேண்டும் போல இருந்தது. பெரிய திரையில் போடுங்கள் மேடம், இதைப் போடுங்கள். மனசு குளிர்ந்தது, மேடம் சொன்ன அதே வார்த்தை, உச்சந்தலையிலிருந்து இறங்கிக் குளிர்ந்தது. தாளில் நூற்று நாற்பத்து மூன்றுக்கு நேராக விழுந்தது என்று எழுதினான். பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்காகத்தான் அவள் நிரலைத் திறந்தான், மூன்றாவது பக்கத்தை, முதல் தடவையாக.

சென்சார் பதிலே சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று மூன்றாவது பக்கம் முழுக்க அழகாக இருந்தது. பதில் சொல்கிறது, ஆனால் வந்த எண் குளறுபடியாக இருக்கிறது என்றால் என்ன செய்வது என்கிற இடத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரி சமாளி என்று ஒரு துணை நிரலைக் கூப்பிட்டது. இங்கிலீஷ் எழுத்தில்தான், ஆனால் சமாளி என்றே. ஆபீசில் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் பேர், இதற்கு மட்டும் தமிழ். முப்பத்திரண்டு வயசில் கொழுப்பெடுத்துப்போய் இவன் வைத்த பேர். அதற்கு மேலே அவள் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: இது மட்டும் பொன்னுரங்கம் அண்ணா எழுதியது, நன்றாக இருக்கிறது, அப்படியே வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே இவனுடைய பழைய குறிப்பு: மூன்று தடவைக்கு மேல் சமாளிக்காது. ஆஸ்பத்திரியில் ஆயிரம் கருவி ஓடும், எப்போதாவது ஒரு எண் கரகரத்து வரும், அப்போது முந்தைய நல்ல எண்ணையே ஒரு தடவை கொடுத்து ஒப்பேற்றலாம், இரண்டு தடவை கொடுக்கலாம், மூன்றுக்கு மேல் கோளாறு என்று சொல்லிவிட வேண்டும். குறிப்பில் அப்படித்தான் இருந்தது. குறிப்புக்குக் கீழே எண்ணுகிற வரி இல்லை. அடுத்த வாரம் எழுதலாம் என்று குறிப்பை முதலில் எழுதி வைத்தான், அந்த அடுத்த வாரம் பதினோரு வருஷமாக வரவில்லை. ஷாஜிதா குறிப்பைப் படித்தாள், அண்ணன் எழுதியிருக்கிறார், எண்ணித்தான் இருப்பார் என்று நம்பிவிட்டாள். எந்த வரியை யார் எழுதியது என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு கட்டளை உண்டு, அதற்கு இங்கிலீஷில் பழி என்றே பேர் வைத்திருக்கிறார்கள். தெரிந்திருந்தும் அடித்துப் பார்த்தான். சமாளிக்குப் பக்கத்தில் ஏழு வரியிலும் அவன் பேர், அவன் தேதி.

தெரியாமல் இருந்தது என்றால்கூடப் பரவாயில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. குழாய் மடங்கியிருந்தது, பம்ப் சொல்லவில்லை, நம்பர் ஒன்பது நிமிஷமாக அசையவே இல்லை என்று ஒரு நர்ஸ் கையெழுத்தில் இருந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த நர்ஸ் குழாயைக் கையால் தடவிப் பார்க்கிற பழக்கமுள்ளவர். அசையவே இல்லை என்ற வார்த்தையைப் படித்ததுமே இவனுக்குச் சமாளி ஞாபகம் வந்தது. ஒரு வரி சேர்த்தால் போதும், ஆனால் சேர்த்த வரிக்கும் தேதி விழும், இதை ஏன் இப்போது சேர்த்தாய் என்று யாராவது கேட்பார்கள், திருத்துவதே ஒப்புக்கொள்வதாகிவிடும். புகாரின் கீழே, கேபிள் தளர்வு, புதுக் கேபிள் அனுப்பப்பட்டது, கோளாறு மறுபடி வரவில்லை என்று எழுதி மூடினான். அது உண்மையும்கூட, அவன் மறுபடி வரவழைத்துப் பார்க்கவே இல்லை. விழுந்ததே கிடையாது, விழுந்ததே கிடையாது என்று பந்திக்குப் பந்தி சொன்னது அதற்குப் பிறகுதான் அதிகம். ஆயிரத்து நானூறு பம்ப்பும் பதினோரு வருஷமாக ஸ்டூலில் ஏறி முள்ளை நகர்த்திக்கொண்டிருக்கிறது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டில், கட்டிலில் யாரோ.

விழுந்தது என்ற வார்த்தையை அடித்துவிட்டு டிக் போட்டுவிடலாம். போட்டால் அவள் ஜெயிப்பாள், பம்ப் ஆஸ்பத்திரிக்குப் போகும், சமாளியும் கூடவே போகும், எந்த வார்டிலும் எல்லா நர்ஸும் குழாயைத் தடவுவதில்லை. அது முடியாது, அந்த அளவுக்கு இவன் ஆகிவிடவில்லை என்று நினைத்தான், நினைத்த வேகத்திலேயே, ஆறு வருஷமாக என்ன ஆகியிருந்தாய் என்று உள்ளே ஒன்று கேட்டது. சரி, விழுந்தது என்பது இருக்கட்டும், காரணத்தைக் காலியாக விட்டுவிடலாம். அவள் டிரைவர், அவள் விழுந்தாள், காரணத்தை அவளே தேடிக்கொள்ளட்டும். தேடுவாள். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவாள், ஏழு வரியிலும் இவன் பேரைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் நடக்கும். பழைய வரி ஒன்று, நீக்கிவிட்டேன் என்று பேர் சொல்லாமல் எழுதுவாள், மேடம் துருவினால், “நான்தாங்க மேடம் சரியாப் பாக்கல, என் தப்பு” என்று அந்த மழைக் குரலில் சொல்லுவாள், ஒரு டீயைக் கொண்டுவந்து நகர்த்தி வைத்துவிட்டு இவன் விரலைப் பார்ப்பாள். மிச்சமிருக்கிற சர்வீஸ் முழுக்க அந்தப் பெருந்தன்மைக்குள் இவன் உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் கட்டிய படிக்கட்டில் இவனையும் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கி வாசலில் விட்டுவிடுவாள். பொன்னுரங்கத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேறு எதை வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும், பெரிய திரை, விசிட்டிங் கார்டு, டீம் லீடர் நாற்காலி, எல்லாம். இதை அவளுக்குக் கொடுக்க முடியாது. பேனாவை எடுத்தான். நல்ல எண்ணத்தால் எடுத்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காரணம் என்ற கட்டம் சின்னது, தாளின் ஓரத்திலும் முதுகிலும் எழுதினான்: சமாளி, எண்ணுகிற வரி எழுதப்படவில்லை, எழுதாதவன் பொன்னுரங்கம், புது நிரலின் மூன்றாம் பக்கத்தைப் படிக்காமல் சரி என்றவனும் அவனே. ஆறு வருஷத்துப் பழைய புகாரின் எண்ணையும் எழுதினான், அதுவும் மனப்பாடமாக இருந்தது. கடைசியில், வெளியே உள்ள எல்லாப் பம்ப்பிலும் இது இருக்கிறது என்று எழுதிக் கோடு போட்டான்.

சாப்பாட்டு பெல் அடித்தது. ரங்கநாயகி மேடமும் ஷாஜிதாவும் சேர்ந்தே வந்தார்கள். அவன் கனெக்டரைச் சாய்த்துக் காட்டினான், குழாயை மடக்கிக் காட்டினான், முப்பத்தெட்டைக் காட்டினான், தாளை நீட்டினான். மேடம் முன்பக்கம் படித்தார், திருப்பிப் பின்பக்கம் படித்தார், திரும்ப முன்பக்கத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். “புகார் வந்தப்பவே தெரியுமா?” “தெரியுங்க மேடம்.” “ஆறு வருஷம் ஏன் சொல்லல?” பதில்கள் வரிசையில் நின்றன, வோல்டேஜ், கேபிள், வேலைப்பளு, அந்த வருஷம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் பூஜ்யத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றன. “என்னுதை யாரும் பிடுங்கிப் பாக்கலீங்க மேடம்” என்றான். அதைச் சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது. மேடம் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். ஆஸ்பத்திரிகளின் பட்டியல் முழுக்க இன்றைக்கே வேண்டும் என்று யாரிடமோ சொல்வது கேட்டது. வேலை போகுமா இருக்குமா என்று அவர் முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஷாஜிதா தாளைக் கையில் எடுத்து நின்றுகொண்டே படித்தாள். அப்புறம் பேனாவுக்காகக் கையை நீட்டினாள். “இதுல பாதி என் தப்புங்ணா. குறிப்பை நம்பீட்டு உள்ள பாக்காம உட்டுட்டேன். நானும் எழுதீர்றேன்.” பொன்னுரங்கம் பேனாவைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் செருகிக்கொண்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டான். “இது முழுசும் என்னுதும்மா. இதுலயும் வந்து பங்கு கேக்காத.” அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். தாளை மேஜைமேல் நேராக வைத்தாள், காற்றுக்குப் பறக்காமல் ஓரத்தில் டீ கப்பைத் தூக்கி வைத்தாள். பிறகு மேஜையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, சாய்ந்திருந்த கனெக்டரை நிமிர்த்தி அவன் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தினாள். “இன்னும் அம்பத்தேழு இருக்குதுங்ணா” என்றாள்.